இருண்ட நகையும் வாசிக்குங் குரலும்

கொலை நகைத்தற்குரிய பொருளன்று. ஓருயிர் வன்முறையாற் பிரிந்தவிடத்து எழவேண்டியவை அழுகையும் அச்சமுமே என்பது யாவர்க்கும் உடன்பாடு. மெய்ப்பாடு எட்டென வகுத்த தொல்காப்பியரும் நகையையும் அச்சத்தையும் வேறுவேறாகவே வைத்தார். எனினும், அவ்விரண்டும் ஒரே கணத்தில், ஒரே வாக்கியத்தால் எழுதலுங் கூடும் என்பதை மேனாட்டு இலக்கியத்தின் கிளையொன்று நெடுங்காலமாகக் காட்டிவருகின்றது. அவ்வகை நூலைப் படிப்போன் தன்னையறியாது நகைக்கின்றான். நகைத்த மறுகணமே, தான் நகைத்தது எதற்கு என்றெண்ணி நாணுகின்றான். இந்நகையே இருண்ட நகை எனப்படும்.

இது நேற்றுத் தோன்றியதன்று. அயர்லாந்தின் வறுமையைக் கண்டு மனங்கொதித்த யொனதன் சுவிப்ற், 1729ஆம் ஆண்டில் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். ஏழைகளின் குழந்தைகளைச் செல்வர்க்கு உணவாக விற்றால் நாட்டின் வறுமை தீரும் என்பது அதன் யோசனை. எத்தனை குழந்தைகள், என்ன விலை, எவ்வளவு ஆதாயம் என்றெல்லாம் ஒரு பொருளியலறிஞனின் நிதானத்தோடு அவர் கணக்கிட்டார். 1827இல் தோமஸ் டி குவின்சி, கொலையை ஓவியம்போலும் நுண்கலையாக மதித்துத் திறனாயும் ஒரு கற்பனைக் கழகத்தின் சொற்பொழிவை எழுதினார். பிரான்சிய எழுத்தாளர் அந்திரே பிறெற்றன் இத்தகைய எழுத்துக்களைத் திரட்டிக் 'கரிய நகை' என்னும் பெயரில் 1940இல் ஒரு தொகைநூல் ஆக்கியபோது, சுவிப்றையே அதன் தலையில் வைத்தார்.

இவ்வெழுத்துக்களை ஒப்புநோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். நகை நிகழ்ச்சியிலே இல்லை. நிகழ்ச்சிக்கும் அதனைச் சொல்லுங் குரலுக்கும் இடையிலுள்ள பொருந்தாமையிலேயே உள்ளது. சொல்பவன் அஞ்சி நடுங்கினால் அது துன்பக்கதையாகும். சொல்பவனே நகைத்துவிட்டால் அது கொடுமையாகும். அவன் அஞ்சாதும் நகையாதும், ஒழுங்காகவும் பணிவாகவும், கடைக்கணக்குச் சொல்வதுபோலச் சொல்லும்போதுதான் இருண்ட நகை பிறக்கின்றது. ஆகவே இக்கலை அடிப்படையிற் குரலின் கலையெனலாம். அங்ஙனமாயின், அச்சிலே மறைந்துகிடந்த அக்குரலை உண்மையிலேயே ஒருவர் வாய்விட்டு வாசிக்கும்போது யாது நிகழும்? ஒலிநூல்கள் பெருகியுள்ள இக்காலத்தில் இது வெறும் வேடிக்கை வினா அன்று. நைஜீரிய எழுத்தாளர் ஒருவரின் நாவலும், அதன் ஒலிநூலும் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றனவாய் உள்ளன.

கொலைக்கதையுட் புகுந்த நகை

துப்பறியுங் கதையின் பழைய வழி, கொன்றவன் யார் என்னும் வினாவை எழுப்பி, இறுதிப் பக்கத்தில் விடையளிப்பது. இவ்வழியைத் தலைகீழாக்கியவருள் ஒருவர் ஆங்கில எழுத்தாளர் அன்ரனி பார்க்லி கொக்ஸ். பிரான்சிஸ் ஐல்ஸ் என்ற புனைபெயரில் அவர் 1931இல் வெளியிட்ட நாவலில், வைத்தியர் ஒருவர் தம் மனைவியைக் கொல்லத் துணிந்துவிட்டமை முதல் வாக்கியத்திலேயே சொல்லப்படுகின்றது. யார் என்ற வினா அங்கே இல்லை. இத்துணை மரியாதை வாய்ந்த மனிதர் இதனை எவ்வாறு செய்யப்போகின்றார், அகப்படுவாரா என்பனவே வினாக்கள். படிப்போன் துப்பறிவோனின் பக்கத்தை விட்டுக் கொலைஞனின் பக்கத்திற் போய் அமர்கின்றான். அவ்விருக்கையிலிருந்து பார்க்கும்போது உலகம் சற்று நகைப்புக்கு இடமாகவே தோன்றுகின்றது.

1949இல் இங்கிலாந்தில் றொபேட் ஹேமர் இயக்கிய 'கைன்ட் ஹாற்ஸ் அன்ட் கொறொனெற்ஸ்' என்னும் திரைப்படம் இம்முறையை ஒலிவடிவிற்குக் கொணர்ந்தது. பிரபுப் பட்டத்தை அடைவதற்காகத் தன் உறவினரை ஒவ்வொருவராக ஒழிக்கும் ஒருவன், தூக்கிலிடப்படுவதற்கு முன்னைய இரவில் தன் வரலாற்றை எழுதுகின்றான். அவனாக நடித்த டெனிஸ் பிறைசின் குரல் பின்னணியிலே தொடர்ந்து ஒலிக்கின்றது. அக்குரல் மென்மையானது, நற்குடிப்பிறப்பும் கல்வியும் வாய்ந்தது. திரையிற் காண்பது கொலை. செவியிற் கேட்பது நாகரிகம். இறப்போர் பலராகவும் அலெக் கின்னஸ் ஒருவரே வேடந்தாங்கி நடித்தமை பெரிதும் புகழப்பட்டது. ஆயினும், படத்தின் நகையைத் தாங்கிநிற்பது அவ்வேடங்களினும் அக்குரலே எனின் மிகையாகாது.

இரு சகோதரிகள்

ஒயிங்கன் பிறெய்த்வெயிற் 1988ஆம் ஆண்டு நைஜீரியாவின் லாகோஸ் நகரிற் பிறந்தவர். இங்கிலாந்தின் கிங்ஸ்ரன் பல்கலைக்கழகத்திற் சட்டமும் ஆக்க இலக்கியமும் பயின்றவர். மேடையில் நின்று கவிதையை வாயாற் சொல்லிப் போட்டியிடும் ஏக்கோ கவியரங்கில், 2014இல் முதற் பத்துப்பேருள் ஒருவராகத் தெரிவானவர். எழுத்தைச் செவிக்குரியதாகவும் கருதிப் பழகியவர் என்பதற்கு இது சான்று. இவரது முதல் நாவல் 2018இல் வெளிவந்தது. 'மை சிஸ்ரர், த சீரியல் கில்லர்' என்பது அதன் பெயர். 'என் தங்கை, தொடர்கொலைகாரி' எனத் தமிழிற் பொருள்படும். 2019ஆம் ஆண்டுப் புக்கர் பரிசின் நெடும்பட்டியலிலும், அவ்வாண்டுப் பெண்கள் புனைகதைப் பரிசின் குறும்பட்டியலிலும் அது இடம்பெற்றது. 2020இல் பிரித்தானிய நூல் விருதுகளிற் குற்றப்புனைவுக்குரிய விருதையும் பெற்றது.

கதை சிறியது. கொறெடே என்பவள் மூத்தவள். லாகோஸ் நகர வைத்தியசாலையொன்றில் தாதி. ஒழுங்கும் தூய்மையும் உடையவள். அழகி எனப் பிறராற் கருதப்படாதவள். இளையவள் அயோலா பேரழகி, ஆடைகளை வடிவமைப்பவள், தாயின் செல்லப்பிள்ளை. அயோலாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தன்னைக் காதலிக்கும் ஆடவரைக் கொன்றுவிடுகின்றாள். நாவல் தொடங்கும்போது மூன்றாமவனாகிய ஃபெமி இறந்துகிடக்கின்றான். தங்கை அழைக்க, தமக்கை துடைக்குந் துணியும் பிளீச்சும் கையுறையும் கொண்டு விரைகின்றாள். இரத்தக்கறையைக் கழுவி, உடலைத் துணியிற் சுற்றி, காரில் ஏற்றிச் சென்று, இருவருமாய்க் கடனீரேரியில் வீழ்த்துகின்றனர். லாகோஸ் தீவையும் பெருநிலப்பகுதியையும் இணைக்கும் மூன்றாம் பெருநிலப் பாலமே அவ்விடம். 1990இல் நிறைவுற்ற அப்பாலம் ஏறக்குறைய 11.8 கிலோமீற்றர் நீளமுடையது. பகல் முழுவதும் வாகன நெருக்கடியால் திணறுவது. மாநகரொன்றின் அன்றாடப் போக்குவரத்து வழியே கொலையை மறைக்கும் வழியாகவும் ஆகின்றது.

தான் தற்காப்பிற்காகவே குத்தியதாக அயோலா ஒவ்வொரு முறையும் கூறுகின்றாள். கொறெடே நம்ப விரும்புகின்றாள். ஆனால் மூன்று என்னும் எண் அவளை உறுத்துகின்றது. மூன்று கொலை செய்தவர் தொடர்கொலையாளி என்னும் வகைக்குள் அடங்குவர் என்பதை அவள் தேடி அறிந்துகொள்கின்றாள். இந்நிலையில், கொறெடே உள்ளூர விரும்பும் வைத்தியர் தாடே, அயோலாவைக் கண்டு மயங்குகின்றார். அவரை எச்சரித்தால் தங்கையைக் காட்டிக்கொடுத்தவளாவாள். எச்சரியாவிடின் அவரைச் சாவுக்கு விட்டவளாவாள். கதையின் முடிச்சு இதுவே. இறுதியில் அவள் தெரிவது தங்கையையே.

நகை எங்கே பிறக்கின்றது?

நாவல் முழுவதும் கொறெடேயின் வாய்மொழியாகவே அமைந்துள்ளது. அவள் நகைச்சுவை செய்வதில்லை. அவள் கவலையெல்லாம் கறை போயிற்றா, துணி போதுமா, ஓடுகளுக்கிடையிலே ஏதும் தங்கிற்றா என்பதே. ஒரு மனிதன் இறந்துகிடக்க, அவள் கண் குளியலறையின் தூய்மையையே நாடுகின்றது. இதனை நெஞ்சின்மை என ஒதுக்கிவிட முடியாது. அச்சத்தை அடக்குதற்கு அவள் அறிந்த வழி கழுவுதல் ஒன்றே. தாதியின் தொழிலும் இதனோடு பொருந்துகின்றது; பிறர் மேலெல்லாம் படிந்த இரத்தத்தை முகஞ்சுளியாது துடைப்பதையே நாடோறும் செய்பவள் அவள்.

ஃபெமி காணாமற்போனான் என்ற செய்தி பரவியதும் இணையத்தில் அவனைத் தேடும் குறிச்சொல் தோன்றுகின்றது. காதலனை இழந்தவளாகத் துயர் காட்டவேண்டிய அயோலாவோ, தன் படங்களை வெளியிட முடியவில்லையே என ஏங்குகின்றாள். இன்னும் எத்தனை காலம் துக்கங் காட்டவேண்டும் என்று தமக்கையிடம் வினவுகின்றாள். இங்கே படிப்போன் நகைக்கின்றான். ஆனால் அந்நகை அயோலா ஒருத்தியைச் சுடுவதோடு நிற்பதில்லை. துயரத்தையும் காட்சிப்பொருளாக்கி, அதற்குக் கால அளவும் வகுத்துவிட்ட சமூகத்தையும் சுடுகின்றது. அயோலா வினவியதை வாய்திறந்து வினவாத பலர் உளர் என்பதே அதன் கூர்மை.

பெயர்களிலும் ஒரு முரண் உண்டு. யொறுபா மொழியில் கொறெடே என்பது நன்மையைக் கொண்டுவந்தவள் என்னும் பொருளது. அயோலா என்பது செல்வத்தின் அல்லது சிறப்பின் மகிழ்ச்சி என்னும் பொருளது. பெற்றோர் இட்ட நற்பெயர்கள். அவற்றின்கீழ் நடப்பனவோ இவை.

இந்நகைக்கு அடியில் நகைத்தற்கே இடமில்லாத ஒன்று கிடக்கின்றது. சகோதரிகளின் தந்தை, நாவலின் நிகழ்காலத்திற்குப் பத்தாண்டுகளின் முன் இறந்தவர், ஊரில் மதிப்புடையவர், வீட்டிலோ மனைவியையும் மக்களையும் அடித்து நொறுக்கியவர். பதினான்கு வயதே நிரம்பிய அயோலாவைத் தம் ஆதாயத்தின்பொருட்டுச் செல்வாக்குள்ள முதியவர் ஒருவருக்குக் கொடுக்கத் துணிந்தவர். அவர் போற்றி வைத்திருந்த வளைந்த அலகுடைய கத்தியே பின்னர் அயோலாவின் கைக்கருவியாகின்றது. வன்முறை அவ்வீட்டில் முதுசொமாகக் கைமாறியது என்பதை ஆசிரியர் எவ்விடத்தும் விளக்கிக் கூறுவதில்லை. கத்தி கைமாறியதை மட்டும் காட்டுகின்றார்.

இறந்தோரை ஆசிரியர் மறந்துவிட்டாரா என்பது நியாயமான ஐயம். இருண்ட நகையின் பெருங்குற்றம், இறந்தவனை வெறும் பொம்மையாக்குதல். இந்நாவல் அக்குற்றத்தினின்று பெரும்பாலும் தப்புதற்குக் காரணம் ஃபெமியின் கவிதைகள். அவன் எழுதிவைத்த கவிதைகளைக் கொறெடே தேடிப் படிக்கின்றாள். பிளீச்சினால் எல்லாவற்றையும் அகற்றியவளால் அவனுடைய சொற்களை அகற்ற முடியவில்லை. இறந்தவன் ஒரு குரலாக அவளிடம் திரும்பி வருகின்றான்.

நூல் குரலாகிய வரலாறு

ஒலிநூல் இன்றைய வணிகத்தின் கண்டுபிடிப்பு எனப் பலர் எண்ணுவர். அது கண்ணிழந்தோர்க்காகப் பிறந்தது. முதலாம் உலகப் போரிற் பார்வை இழந்த வீரர்களின் தேவை அம்முயற்சிக்கு ஒரு தூண்டுதலாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் 1930களின் முற்பகுதியிலும், பிரித்தானியாவில் 1935 நவம்பரிலும் 'பேசும் நூல்கள்' வெளிவரத் தொடங்கின. பிரித்தானியாவில் ஒலித்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 25 நிமிடம் ஓடியது. ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டுக்கள் வரை வேண்டியிருந்தன. பின்னர் ஒலிநாடாவும், குறுவட்டும், இணையமும் வந்தன. இன்று நூல் முழுவதும் கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிடுகின்றது.

பிரித்தானியாவில் முதன்முதல் வெளிவந்த பேசும் நூல்கள் யாவை என்பது ஈண்டு கருதத்தக்கது. ஒன்று யோசப் கொன்றாட்டின் 'புயல்'. மற்றையது அகதா கிறிஸ்ரியின் 'றொஜர் அக்றொயிட் கொலை'. 1926இல் வெளிவந்த அந்நாவலைச் சொல்பவர் ஊர் வைத்தியர். நிதானமும் நட்பும் வாய்ந்தவர். கொலைஞரும் அவரே என்பது இறுதியில் வெளியாகின்றது. பார்வையற்ற கேட்போர் பலர் முதன்முதல் இயந்திரத்தின் வாயிலாகக் கேட்ட நாவற்குரல், தன்னை மறைத்துப் பேசும் ஒரு கொலைஞனின் குரலாயிற்று. ஒலிநூலும் குற்றக்கதையும் தொடக்கத்திலேயே இவ்வாறு இணைந்தன. குரலை நம்புதல் எளிது. அந்நம்பிக்கையைக் கொண்டே ஏமாற்றுதலும் எளிது.

வாசிப்போரின் கடமை

பிறெய்த்வெயிற்றின் நாவலை அமெரிக்கப் பதிப்பின் ஒலிநூலில் வாசித்தவர் நடிகை அடெப்பெறோ ஒடுயே. நியூயோர்க் நகரில் நைஜீரியப் பெற்றோர்க்குப் பிறந்தவர்; 2011இல் வெளிவந்த 'பறையா' என்னும் திரைப்படத்திற் கதைத்தலைவியாக நடித்துப் புகழ்பெற்றவர். ஒலிநூல் நான்கு மணித்தியாலத்திற்குச் சற்று மேற்பட்டது. ஒருநாட் பொழுதிற் கேட்டு முடிக்கக்கூடியது.

இத்தகைய வாசிப்பிலுள்ள இடர்ப்பாட்டை எடுத்துக்காட்டொன்றால் விளக்கலாம். குளியலறையை எவ்வாறு கழுவவேண்டும், பிளீச் எதற்குப் பயன்படும் என்று கொறெடே சொல்லும் பகுதியை எடுத்துக்கொள்க. அதனை மூவகையாக வாசிக்கலாம். நடுங்குங் குரலில் வாசித்தால் அது பேய்க்கதையாகும். கண்சிமிட்டும் குரலில் வாசித்தால், வாசிப்பவர் கேட்போனை நோக்கி 'இங்கே நகைக்கவும்' என்று கட்டளையிடுவதாகும். நகை பிறக்குமுன்பே இறந்துவிடும். மூன்றாவது, அனுபவமிக்க ஒரு தாதி புதிதாகச் சேர்ந்தவளுக்கு வேலை பழக்குவதுபோல வாசித்தல். அதுவே பொருத்தமானது. அக்குரலிலே குற்றவுணர்ச்சி வெளிப்பட இல்லை. ஆயின் ஒழுங்கு ஓரளவு மிகுந்துள்ளது. அம்மிகுதியைக் கொண்டு கேட்போனே அச்சத்தை ஊகித்துக்கொள்கின்றான்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களின் புராணபடனத்தில் ஒருவர் செய்யுளை வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். ஒலிநூலில் வாசிப்பவர் மட்டுமே உளர். பயன் சொல்லும் இருக்கை வெறுமையாய்க் கிடக்கின்றது. சாதாரண நாவலில் வாசிப்போர் தம் குரலின் ஏற்றத்தாழ்வாற் சிறிதளவு பயன் சொல்லிவிடுதல் பொறுக்கத்தக்கது. இருண்ட நகையிலோ அவ்விருக்கையிற் கேட்போனே அமரவேண்டும். வாசிப்போரின் பெருந்திறன் சொல்லாது விடுதலிலேயே உள்ளது.

இரண்டாவது, மொழி. யொறுபா மொழியில் மேல், இடை, கீழ் என மூன்று தொனிகள் உண்டு. எழுத்தளவில் இக்பா என்றே தோன்றும் ஒரு சொல், தொனி வேறுபாட்டால் இருநூறு எனவும், சுரைக்குடுவை எனவும், காலம் எனவும் பொருள்படும். அம்மொழியிற் பழகாத ஒருவர் அச்சுநூலைப் படிக்கும்போது கொறெடே, அயோலா, தாடே முதலிய பெயர்களைத் தம் மனம்போனபடி ஒலித்துக்கொள்வர். நாவலின் ஆங்கிலத்திலும் லாகோஸ் நகரின் பேச்சு ஊடுருவியுள்ளது. மக்கள் மரியாதைக்கு ஒரு மொழியையும், கெஞ்சுதற்கு ஒரு மொழியையும், அதட்டுதற்கு ஒரு மொழியையும் கையாள்கின்றனர். வீதிச் சோதனை அதிகாரி காரை மறிக்கும்போது, படித்த பெண்ணாகிய கொறெடே தன் பேச்சை மாற்றிப் பணிவு காட்டிக் கையூட்டுக் கொடுத்துத் தப்புகின்றாள். இம்மாற்றம் அச்சில் ஒரு குறிப்பாகவே நிற்கும். அறிந்த வாயிலிருந்து வரும்போது ஒரு நாடகமாகும். நைஜீரியப் பேச்சு வீட்டிலேயே ஒலிக்க வளர்ந்த ஒருவர் வாசித்தமை நூலுக்கு வாய்த்த பேறு.

மூன்றாவது, மௌனம். நாவலின் அதிகாரங்கள் மிகக் குறுகியவை. சில ஒரு பக்க அளவினவே. 'சொற்கள்', 'பிளீச்' என்றாற்போல ஓரிரு சொற்களே பெரும்பாலும் தலைப்பாக உள்ளன. அச்சிலே ஓர் அதிகாரம் முடிந்தபின் எஞ்சும் வெற்றிடம், ஒலியில் மௌனமாகின்றது. பின் தலைப்பு ஒரு சொல்லாக ஒலிக்கின்றது, நீதிமன்றிலே சான்றுப்பொருளுக்கு இட்ட பெயர்போல. நகையும் அச்சமும் அம்மௌனத்திலேயே கேட்போன் உள்ளத்தில் ஊறுகின்றன. இக்காலத்துக் கருவிகளிற் குரலின் வேகத்தைக் கூட்டிக் கேட்கும் வசதி உண்டு. செய்தியறிய அது உதவும். இத்தகைய நூலுக்கோ அது கேடு. மௌனத்தைச் சுருக்கினால் நகையும் சுருங்கும்.

கேட்போனும் பொறுப்புடையவன்

கேட்டல் படித்தலாகாது என்று வாதிப்போர் உளர். அவர் கூற்றில் ஒரு பகுதி உண்மையே. கேட்போன் ஒரு வரியிலே நின்று சிந்திக்க விரும்பினாலும் குரல் நிற்பதில்லை; முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தல் எளிதன்று. குரலொன்று ஒரு பொருளைத் தெரிந்துவிட்டால், பிற பொருள்கள் மறைந்துவிடவுங் கூடும். கொறெடே தங்கையின்மேற் கொண்டது அன்பா, பொறாமையா, அச்சமா என்பதை அச்சுநூல் மூன்றுமாக வைத்திருக்கும். வாசிப்பவர் சிறிது வழுவினும் அது ஒன்றாகக் குறுகிவிடும். இவை உண்மையான இழப்புக்கள்.

ஆயினும், கேட்போர் விளங்கிக்கொள்வது குறைவு என்னும் கூற்றுக்கு ஆதாரம் வலிதன்று. 2016இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், வளர்ந்தோர் 91 பேருக்கு வரலாற்று நூலொன்றின் பகுதிகள் அளிக்கப்பட்டன. சிலர் படித்தனர், சிலர் கேட்டனர், சிலர் இரண்டையும் ஒருங்கே செய்தனர். விளங்கிக்கொண்ட அளவிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே வேறுபாட்டை அறிவின் அளவிலன்றி, உறவின் தன்மையிலே தேடவேண்டும். படிப்போன் தானே குரலாகின்றான். கேட்போனோ மற்றொரு மனிதக் குரலோடு தனித்திருக்கின்றான்.

இவ்வுறவையே நாவலின் உள்ளே ஆசிரியர் ஒரு பாத்திரமாக்கி வைத்துள்ளார். வைத்தியசாலையில் முக்தார் என்னும் நோயாளி நினைவிழந்து நெடுங்காலமாகக் கிடக்கின்றார். மறுமொழி சொல்லமாட்டாதவர் என்பதனாலேயே கொறெடே அவர் அருகில் அமர்ந்து எல்லாவற்றையும் சொல்லுகின்றாள். ஃபெமியின் பெயரையும் தங்கையின் செயலையும் தன் சுமையையும் இறக்கிவைக்கின்றாள். சொல்லச் சொல்ல அவள் நெஞ்சம் இலேசாகின்றது. பின்னொரு நாள் முக்தார் கண்விழிக்கின்றார். அவர் கேட்டவை அவர் நினைவில் உள்ளன.

கேட்போன் செயலற்றவன் என்ற நம்பிக்கை அவ்விடத்திலே தகர்கின்றது. கேட்டவன் சாட்சியாகின்றான்; அறிந்தவன் என்பதனால் அவனுக்கு ஒரு கடமை உண்டாகின்றது. முக்தார் அவளைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஆனால், கேட்டதைக் கேளாததாகவும் விட்டுவிடுவதில்லை. தங்கையிடமிருந்து விலகி வாழ ஒரு வழி உண்டென அவளுக்கு உணர்த்த முயல்கின்றார். அவள் அவ்வழியை ஏற்கவில்லை. நாவலின் துயரம் அங்கேதான் உள்ளது. அவளை முழுமையாக அறிந்தவர் அவர் ஒருவரே. அறியப்படுதலை அவளாற் பொறுக்க முடியவில்லை.

ஒலிநூலைக் கேட்போன் நிலையும் முக்தாரின் நிலையை ஒத்தது. காதில் ஒரு பெண்ணின் குரல். அவள் சொல்வன பிறரறியாதவை. அவனாற் குறுக்கிட்டு மறுமொழி கூறவும் இயலாது. பாத்திரம் கழுவிக்கொண்டோ பேருந்திற் பயணஞ்செய்துகொண்டோ அவன் கேட்கின்றான். கொறெடேயின் ஒழுங்குமுறை அவனுக்குப் பழகிவிடுகின்றது. சிறிது நேரத்தில், சகோதரிகள் அகப்படாதிருக்கவேண்டுமே என்றும் அவன் உள்ளம் விரும்பத் தொடங்குகின்றது. அவ்விருப்பத்தை உணர்ந்தவுடன் அவன் திடுக்கிடுவானாயின், நூல் தன் வேலையைச் செய்துவிட்டது எனலாம். திடுக்கிடாது நகைத்துக்கொண்டே போவானாயின், குறை நூலின்பாலோ வாசித்தவர்பாலோ மட்டும் இருத்தற்கில்லை; அவன்பாலும் இருக்கக்கூடும்.

இருண்ட நகையை வெறும் கேளிக்கை எனத் தள்ளுவோரும், அதனைத் துணிச்சல் எனக் கொண்டாடுவோரும் ஒருங்கே மறப்பது இதுவே. கொடுமையைப் பழக்கமாக்கிக்கொண்ட ஒரு வீட்டில், கொடுமையைப் பற்றிய பேச்சும் பழக்கமான குரலிலேயே வரும். அக்குரலின் நிதானமே அவ்வீட்டின் வரலாறு. தந்தையின் கையோங்கியபோது கண்டுங் காணாதிருந்த உற்றாரும், அழகைக் கண்டு வினாவெழுப்பாத பொலிசாரும், எச்சரித்தும் நம்பாத வைத்தியரும் அந்நிதானத்தில் தத்தம் பங்கை உடையவர்கள். சுவிப்ற் தம் காலத்துச் செல்வரை நோக்கிச் செய்ததையே பிறெய்த்வெயிற் தம் காலத்துச் சமூகத்தை நோக்கிச் செய்கின்றார். குரலை உயர்த்தாமற் குற்றஞ்சாட்டுகின்றார்.

அத்தகைய எழுத்தை வாய்விட்டு வாசிப்போர்க்கு வேண்டுவது அடக்கம். கேட்போர்க்கு வேண்டுவது விழிப்பு. நகை வந்தவிடத்து நகைத்தல் தவறன்று. நகைத்தபின், இறந்தவன் பெயர் ஃபெமி என்பதையும், அவன் கவிதை எழுதினான் என்பதையும் மறவாதிருத்தலே வேண்டற்பாலது.